சிவப்புக் கரை வைத்த அங்கி

நம்முடைய கோயிலுக்குப் பாதிரியாராக ஒரு பெண் ஆயர் வந்ததிலிருந்து, என் வயசுக்காரர்களான உங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் டீ குடிக்கும்போது குரலைத் தாழ்த்திப் பேசிக்கொள்கிறீர்கள். "எல்லாம் சரிதான், ஆனாலும் பொம்பளை கையால திருவிருந்து வாங்கிச் சாப்பிட மனசு ஒப்பலையே" என்றார் ஒருவர். இத்தனை வருஷமாக வீட்டில் யார் கையால் வாங்கிச் சாப்பிட்டீர்கள் என்று கேட்க நினைத்து, வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வாயை மூடுவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சண்டை போடுவதற்காக எழுதவில்லை. என் அத்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். உங்களில் பலர் அவளைப் பார்த்திருப்பீர்கள். கடைசி வரிசையில், வாசலை ஒட்டி, வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருப்பாள். யார் கூப்பிட்டாலும் முன்னால் வரமாட்டாள். "உங்க அத்தைக்குக் காது கேக்காதோ?" என்று ஒருத்தர் என்னிடமே கேட்டார். காது நன்றாகவே கேட்கும். முன்னால் வந்து பழக்கமில்லை போலிருக்கிறது என்று இன்னொருத்தர் சொன்னார். அதுவும் தப்பு. ஒரு சபைக்கே முன்னால் நின்றவள் அவள். நான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயசு இருக்கும்.

அந்த வருஷம் அம்மாவைக் காசநோய் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அப்பாவுக்குத் திண்டுக்கல் பஸ் டெப்போவில் ஷிப்ட் வேலை. என்னை வைத்துப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. ஆடி மாசத்தில் ஒருநாள் அப்பா என்னையும் ஒரு தகரப் பெட்டியையும் ஆத்தூர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், சின்னாளபட்டி தாண்டி ஒரு கிராமத்தில் அத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்தார். தை முடிகிறவரை அங்கேதான் இருந்தேன்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த ஊர்ச் சபையில் அவள் பைபிளம்மா. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசிப்பது, ஜெபம் பண்ணுவது, காய்ச்சல்காரருக்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பது, மாமியார் மருமகள் சண்டையை விலக்கிவிடுவது எல்லாம் அந்த வேலைக்குள் வரும். நானும் கூடவே அலைவேன். ஒரு வீட்டில் கம்பங்கூழ், அடுத்த வீட்டில் அவிச்ச கடலை, அதற்கடுத்த வீட்டில் சோற்றோடு ஒரு வெஞ்சனம் என்று எனக்கு நல்ல வருமானம்.

அந்த ஊரில் ஆயர் கிடையாது. ஆயர் திண்டுக்கல்லில் இருந்தார். சுற்றுவட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் அவர் ஒருவர்தான். மாசத்தில் ஒரு ஞாயிறு வந்து அப்பமும் ரசமுமாகத் திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்த உபதேசியார் ஒருவர் ஊரிலேயே இருந்தார். நான் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்து, மகன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். "வேற ஆள் வர்ற வரைக்கும் பைபிளம்மா பார்த்துக்கட்டும்" என்று ஆயர் சொல்லிவிட்டுப் போனார். வேறு ஆள் வரவில்லை. அத்தை பார்த்துக்கொண்டாள்.

சின்ன ஓட்டுக் கட்டிடம்தான் கோயில். மணி வாங்க வசதி இல்லாததால் புளியமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரும்புக் கம்பியால் அதை அடிப்பாள். பல் கூசும். முருங்கைத் தோட்டத்தைத் தாண்டி, வற்றிப்போன ஓடையைத் தாண்டி அந்தச் சத்தம் போகும். ஆட்டை விட்டுவிட்டு, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்டப் பெண்கள் ஓடிவருவார்கள். உபதேசியார் இருந்த காலத்தில் இத்தனை பேர் வந்ததில்லை என்று ஊரில் சொன்னார்கள்.

கோயிலுக்குள் பீடம் கொஞ்சம் உயரத்தில் இருக்கும். ஏறுவதற்கு ஒரே ஒரு படி. அத்தை அந்தப் படியில் ஏறமாட்டாள். கீழே, தரையில், ஒரு முக்காலியின் மேல் புத்தகத்தை வைத்துக்கொண்டு நின்றுதான் ஆராதனை நடத்துவாள், பிரசங்கம் பண்ணுவாள். அப்படி யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளாகவே வைத்துக்கொண்ட ஒழுங்கு. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் கோயிலைச் சுத்தம் பண்ணும்போது அதே படியில் ஏறி, பீடத்தைச் சுற்றி மூலைமுடுக்கெல்லாம் கூட்டி, மேசைத் துணியை மாற்றி, குண்டுமல்லி வைத்துவிட்டு இறங்குவாள். எனக்கு இது விளங்கவில்லை.

"சனிக்கிழமை ஏறலாம், ஞாயித்துக்கிழமை ஏறக்கூடாதா அத்தை?" என்று கேட்டேன்.

"சனிக்கிழமை கையில வெளக்கமாறு இருக்குல்ல" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இன்றைக்கு எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை.

இன்னொரு சனிக்கிழமை, முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள். "எனக்கு ஒரு ஆசை இருக்கு புள்ள. யாருட்டயும் சொல்லிறாத. உபதேசியார் வேலைய எனக்கே குடுத்துட்டா நல்லாருக்கும்."

"இப்பவும் நீங்கதான அத்தை பாக்குறீங்க?"

"பாக்குறது வேற. இது உன் வேலைன்னு வாயத் தொறந்து சொல்றது வேற."

அதற்குப் பிறகு அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசைப்பட்டுவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணப் பேச்சை எடுத்தால் வயசுப் பெண்களுக்கு வருமே, அந்த வெட்கம். ஒரு கோயிலைக் கேட்டு ஒருத்தி இப்படி முகம் சிவந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

புரட்டாசியில், மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிக்கொண்டு வெயில் மட்டும் கொளுத்திய நாட்களில், ஒரு சாவு விழுந்தது. ஊரில் ஆடு மேய்க்கிற விதவைத் தாய் ஒருத்தி இருந்தாள். எல்லோரும் ஆட்டுக்காரம்மா என்பார்கள். அவளுக்கு ஒரே மகள். வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை பார்த்தாள். மஞ்சக்காமாலை முற்றிப்போன பிறகுதான் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் இருந்தாள். அடக்கத்துக்கு ஆயரை அழைத்துவர ஆள் போனான். அவர் மதுரையில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். வெயிலில் உடம்பு தாங்காது, காத்திருக்க முடியாது என்று ஆகிவிட்டது.

ஆட்டுக்காரம்மா அழவில்லை. செத்துப்போன பெண்ணின் தலைமுடிக்குள் மில்லுப் பஞ்சு ஒட்டியிருந்தது. அதை இழை இழையாக எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள். எடுக்க எடுக்க வந்துகொண்டிருந்தது. பெட்டியை மூடவேண்டும் என்று சொன்னபோதுகூட, "செத்த நேரம் இருங்கப்பா, இன்னும் இருக்கு" என்றாள்.

அந்த ஊரில் பெண்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழக்கமில்லை. தெருமுனையில் இருக்கும் குடிதண்ணீர்க் குழாயோடு நின்றுவிட வேண்டும். சபை மூப்பர் அதை அத்தைக்கு ஞாபகப்படுத்தினார். பம்புசெட் வைத்து விவசாயம் பண்ணுகிறவர், கோயில் சாவி அவரிடம்தான் இருக்கும். "வீட்டு ஜெபத்தை நீங்க முடிச்சிருங்கம்மா. மத்தத நாங்க பாத்துக்கிறோம்" என்றார்.

"அங்க வாசிக்கணுமே ஐயா. யாரு வாசிக்கிறது?" என்று கேட்டாள் அத்தை.

ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுத்துக்கூட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். குழி முன்னால் நின்று வாசிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. மூப்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அத்தை ஜெபப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நடந்தாள். குழாயடி வந்ததும் பெண்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அத்தை நிற்கவில்லை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். ஆட்டுக்காரம்மா குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அத்தை திரும்பி வந்து கையை நீட்டினாள்.

"வா ஆத்தா. பெத்தவ வராம எப்புடி?"

ஆட்டுக்காரம்மா வந்தாள். அந்த ஊரில் பெற்ற பிள்ளையைக் குழிவரைக்கும் கொண்டுபோய்விட்ட முதல் தாய் அவள்தான். மண் போடும்போது, உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்த பஞ்சையும் சேர்த்துப் போட்டாள். அதற்கப்புறம்தான் அழுதாள். அத்தை புத்தகத்தை மூடிவிட்டு, அவள் அழுது முடிக்கிறவரை வெயிலில் நின்றாள். ஆண்களும் நிற்கவேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து ஆட்டுக்காரம்மாவுக்கு அத்தைதான் எல்லாம். காலையில் வாசலில் ஒரு செம்பு ஆட்டுப்பால் இருக்கும். வேண்டாம் என்றாலும் இருக்கும். அத்தைக்கு என்ன செய்யலாம் என்று யோசித்து யோசித்து, மார்கழி வாக்கில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஆயர் மாதிரி எல்லாம் செய்கிற அம்மாவுக்கு ஆயர் மாதிரி உடுப்பு இல்லையே என்பதுதான் அது.

அத்தை வீட்டுக்கு அடுத்த வீட்டில் தறி ஓடும். சின்னாளபட்டியிலிருந்து வந்து குடியிருந்த நெசவுக்காரக் குடும்பம். மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், நம் கோயிலுக்கு வருகிறவர்கள் இல்லை. அந்த வீட்டுக்கார அக்காவின் பிள்ளைக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து துணி நனைத்துப் போட்டுப் பிழைக்க வைத்திருந்தாள். ஆட்டுக்காரம்மா போய்க் கேட்டதும் அந்த அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. சபைப் பெண்கள் நூலுக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். கொடியில் காய்ந்த ஜாக்கெட்டைப் பார்த்து அளவு எடுத்துக்கொண்டார்கள். ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அத்தைக்கு மட்டும் தெரியாது.

தறியில் அந்தத் துணி ஏறியிருந்தபோது நான் போய்ப் பார்த்தேன். பாலாடை மாதிரி வெள்ளை. ஓரத்தில் மட்டும் சுண்டுவிரல் அகலத்துக்குச் சிவப்புக் கரை ஓடியது.

"ஆயர் ஐயா அங்கியில கரை இருக்காதே அக்கா" என்றேன்.

அவள் தறி நாடாவைத் தள்ளுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "கரை இல்லாத வெள்ளைத் துணிய பொணத்துக்குத்தான்டி நெய்வோம். உசுரோட இருக்குற மகராசிக்கு அத எப்புடிக் குடுப்பேன்? எம்புள்ளையக் காப்பாத்துனவுகடி."

ஆட்டுக்காரம்மாவும் தலையை ஆட்டினாள். "இருக்கட்டும், நல்லாத்தான இருக்கு" என்றாள்.

நல்லாத்தான் இருந்தது. அதில் சந்தேகமில்லை. சின்னாளபட்டித் தையல்காரர் ஒருவரிடம் கொடுத்தார்கள். அவர் ஆயரின் அங்கியைக் கண்ணால் பார்த்ததில்லை. இவர்கள் கையைக் காலை ஆட்டிச் சொல்லச் சொல்ல அவர் தைத்ததில், டாக்டர் கோட்டுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளையின் கவுனுக்கும் நடுவில் என்னவோ ஒன்று வந்தது. ஆனால் நீளமாக, கணுக்கால்வரை, கழுத்திலும் கைமுனையிலும் கீழ் விளிம்பிலும் சிவப்புக் கரையோடு வந்தது. அந்தப் பெண்களில் யாரும் பேராயரைப் பார்த்ததில்லை. அந்த நாளில் எங்கள் பக்கத்துப் பேராயர் உடுத்துகிற அங்கிக்குத்தான் சிவப்பு விளிம்பு உண்டு என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆயர்கள் யாருக்கும் அது கிடையாது. ஆயர்களுக்கு எல்லாம் ஆயராக இருக்கிறவருக்கு மட்டும்தான்.

தை மாசம் அறுப்பின் பண்டிகை வந்தது. விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் இருக்கிற மேசையில் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். மேசைக்கு வந்த பொருள் கோயிலுக்குச் சொந்தம், யாரும் திரும்பக் கேட்கக்கூடாது. அன்றைக்கு ஆயர் வந்தார். கூடவே திண்டுக்கல்லிலிருந்து சபைக் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். உபதேசியார் வேலை யாருக்கு என்று பேசி முடிக்கத்தான் வந்திருந்தார்கள்.

காலையில் ஆயர் அத்தை வீட்டில்தான் காபி குடித்தார். மெலிந்த மனுஷர், மெதுவாகப் பேசுவார். "இன்னைக்குப் பேசி முடிச்சிருவோம்மா. கமிட்டியும் ஏறக்குறைய ஒத்துக்கிட்ட மாதிரிதான். மூப்பர்தான் கொஞ்சம் யோசிக்கிறார், நான் சொல்லிக்கிறேன்" என்றார். அத்தை டம்ளரை வாங்கிக்கொண்டாள். அவர் போனதும் அடுப்படிச் சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, தலையில் எண்ணெய் வைத்து, வழக்கத்தைவிட இறுக்கமாகப் பின்னிவிட்டாள்.

கோயில் முழுக்கப் பூசணியும் வாழைத்தாரும் முருங்கைக்காயும் தேங்காயும். காலைக் கட்டிப் போட்ட கோழிகள் பிரசங்கத்துக்கு நடுவில் கொக்கரித்தன. ஆயர் பிரசங்கம் பண்ணினார். காணிக்கை படைக்கிற நேரம் வந்தது. ஒவ்வொரு குடும்பமாகப் போய் வைத்துவிட்டு வந்தார்கள். கடைசியில் ஆட்டுக்காரம்மா எழுந்தாள். கையில் ஒரு தட்டு, அதன்மேல் மடித்த வெள்ளைத் துணி. பின்னால் சபைப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். அவர்கள் மேசைக்குப் போகவில்லை. பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தையை எழுப்பினார்கள்.

அவள் என்ன என்று கேட்பதற்குள் ஆட்டுக்காரம்மா அங்கியை விரித்துத் தோளில் போர்த்திவிட்டாள். மற்றவர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து உள்ளே விட்டார்கள். முந்தானையைச் சரிசெய்தார்கள், கழுத்துப் பட்டனைப் போட்டார்கள். கல்யாண வீட்டில் பெண்ணுக்கு அலங்காரம் பண்ணுகிற அதே கைகள், அதே அவசரம். அத்தை அசையவில்லை. குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள். அவள் முகத்தில் அப்போது இருந்ததை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவ்வளவு அழகாக அவள் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

"என்ன கூத்து இது?" என்று மூப்பர் எழுந்தார். "ஐயாவே வெறும் வெள்ளை போடுறாரு. இந்தம்மாவுக்குப் பேராயர் கரை கேக்குதா?"

கமிட்டிக்காரர்கள் ஆயரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், "வேலை குடுக்குறதுக்கு முன்னாடியே இப்படின்னா, குடுத்த பிறகு?" என்றார். கோயில் முழுக்கக் கேட்டது.

ஆட்டுக்காரம்மாவின் கை அத்தையின் தோளில் இருந்தது. அவள் ஆயரைப் பார்த்துப் பேசினாள். "எம்மகள அடக்கம் பண்ண நீங்க வரலையேய்யா. இவுகதான வந்தாக. போட்டா என்ன?"

அவள் சொன்னது உண்மை. உண்மையாக இருந்ததுதான் காரியத்தைக் கெடுத்தது. ஆயரின் முகம் செத்துப்போயிற்று. அதுவரைக்கும் அத்தைக்காகப் பேச அவர் வாயெடுத்திருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்குப் பிறகு முடியவில்லை. படியில் நின்றபடியே, அத்தையைப் பார்க்காமல், "அதைக் கழட்டி வெச்சிருங்கம்மா" என்றார்.

அத்தை கழற்றினாள். பட்டனை அவளே எடுத்தாள். அவசரப்படவில்லை. சனிக்கிழமைகளில் பீடத்துத் துணியை மடிப்பது போலவே, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, உள்ளங்கையால் நீவி, காணிக்கை மேசையில் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வேறெங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, பாவம். ஆனால் மேசைக்குப் போனது மேசைக்குப் போனதுதான்.

மத்தியானம் ஏலம் நடந்தது. கோழி போயிற்று, தேங்காய் போயிற்று, வாழைத்தார் போயிற்று. மூப்பர் அங்கியை எடுத்து ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார். மடிப்பு அவிழ்ந்து அது தரையைத் தொட்டுத் தொங்கியது.

யாரும் கேட்கவில்லை. பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களைப் பார்த்தார்கள். ஆண்கள் கமிட்டிக்காரர்களைப் பார்த்துவிட்டுக் காலடியைப் பார்த்தார்கள். ஏலத்தில் ஆண்கள்தான் கேட்பார்கள். ஆட்டுக்காரம்மாவுக்காகக் கேட்க ஆண் யாரும் இல்லை. அவளே எழுந்தாள்.

"என் வெள்ளாட்டைத் தாரேன். ரெண்டையும் தாரேன். அத எங்கிட்டக் குடுங்க."

"பொம்பளை ஏலம் கேக்குற வழக்கம் நம்ம கோயில்ல இல்ல" என்றார் மூப்பர். அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடையில் சரக்கு இல்லை என்பது போலச் சொன்னார். மூன்று தரம் கூவினார். துணியைச் சுருட்டிக் கோயில் அலமாரியில் வைத்துப் பூட்டினார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றிருந்த தறிக்கார அக்கா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளே அவர்கள் பேசி முடிக்கிறவரை அத்தை புளியமரத்தடியில் நின்றாள். தண்டவாளத் துண்டு காற்றில் லேசாக ஆடியது. ஆயர் வெளியே வந்து, "கொஞ்ச காலம் திண்டுக்கல்லுல நம்ம பொம்பளப் பிள்ளைங்க ஹாஸ்டல்ல சமையல் மேற்பார்வை பாருங்கம்மா. எல்லாம் ஆறட்டும்" என்றார்.

"சரிங்கய்யா. அங்கயும் ஜெபம் பண்ணலாம்" என்றாள் அத்தை.

அவர் முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. அவள் அப்படி நினைத்துச் சொல்லவில்லை. மனசார அவருக்கு ஆறுதல் சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில் எங்களைக் கூட்டிப்போக அப்பா வந்தார். ஊரில் நடந்ததைக் கேட்டிருந்தார். அக்காவின் மேல் அவருக்குக் கோபம். "போத்துனதும் உடனே கழட்டி எறிஞ்சிருக்கலாம்ல? நீ ஏன்க்கா நின்ன?" என்றார்.

"அந்த ஆத்தா கை என் தோள்ல இருந்துச்சுடா" என்றாள் அத்தை. "மகளப் பொதைச்ச கை. அத எப்புடித் தட்டிவிடுறது?"

அப்பா தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். பஸ்ஸில் நான் அத்தையின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தேன். சின்னாளபட்டி வரும்போது என் கன்னத்தில் ஈரம் விழுந்தது. மழை என்று நினைத்து ஜன்னலைப் பார்த்தேன். வெயில்தான் அடித்தது.

இதில் யார்மேல் கோபப்படுவது என்று இத்தனை வருஷமாக யோசித்துவிட்டேன். மூப்பர் கெட்டவர் இல்லை. எனக்கு மடி நிறையக் கடலை கொடுத்தவர். ஆயரும் கெட்டவர் இல்லை, பயந்தவர். அந்தப் பெண்கள் கொடுத்தது முழுக்க அன்பு. அந்த அன்புதான் அத்தையின் வேலையைப் பறித்தது. அத்தையும் ஒரு தப்புக் கணக்குப் போட்டிருந்தாள். படியில் ஏறாமல், தரையிலேயே நின்று, ஒரு குறையும் சொல்ல இடம் வைக்காமல் நடந்துகொண்டால் தானாகவே கொடுத்துவிடுவார்கள் என்று நம்பியிருந்தாள். தரையில் நிற்கிறவளைத் தரையிலேயே நிற்க வைப்பதுதான் எல்லோருக்கும் சுலபம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த ஊருக்கு ஒரு பையனை நியமித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்து போய்க்கொண்டிருந்தான், பிறகு வருவதைக் குறைத்துக்கொண்டான், பிறகு நின்றுவிட்டான். கோயிலை ஆயர் வரும் ஞாயிறு மட்டும் திறந்தார்கள். ரொம்ப வருஷம் கழித்து அங்கே ஒரு கல்யாணத்துக்கு நானும் அத்தையும் போனோம். ஆட்டுக்காரம்மா அப்போது உயிரோடு இல்லை. கோயில் ஆர்மோனியப் பெட்டியின் மேல் தூசிக்காக ஒரு வெள்ளைத் துணியை வெட்டி மூடியிருந்தார்கள். ஓரத்தில் சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. அத்தை பக்கத்தில் போனாள். துணி ஒரு பக்கம் கோணலாகத் தொங்கியது. அதை இழுத்துச் சரிசெய்துவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

ஹாஸ்டலில் வயசாகி வேலையை விட்ட பிறகு என்னோடுதான் இருந்தாள். நம் கோயிலுக்கு வருவாள், வாசலை ஒட்டி உட்காருவாள், போவாள். நடந்ததை ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை. கடைசியில் நினைவு தப்ப ஆரம்பித்தது. அப்பாவின் பெயர் போயிற்று, என் பெயர் போயிற்று. சனிக்கிழமை மட்டும் எப்படியோ தெரிந்தது. சாயங்காலம் ஆனால் விளக்குமாற்றைத் தேடுவாள்.

நம்முடைய ஆயர் வந்த புதிதில், கோயிலுக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து திருவிருந்து கொடுத்தார் அல்லவா, அப்போது எங்கள் வீட்டுக்கும் வந்தார். மத்தியான நேரம். சின்னப் பெண், என் மகள் வயசுகூட இருக்காது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் அப்பத்தையும் சிறு கிண்ணத்தையும் எடுத்து வைத்துவிட்டு, பையிலிருந்த அங்கியை எடுத்துச் சேலைமேல் போட்டுக்கொண்டு, "அத்தை, ஜெபிக்கலாமா?" என்று குனிந்தார்.

அத்தை அவரையே பார்த்தாள். கையை நீட்டி அங்கியின் விளிம்பைப் பிடித்தாள். விரலால் தடவிக்கொண்டே போய் எதையோ தேடினாள். கரை இல்லை, வெறும் வெள்ளை. ஆனாலும் அவள் முகம் மாறிவிட்டது. அப்படி ஒரு பயத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை. அன்றைக்குக்கூடப் பார்க்கவில்லை.

"கழட்டிரு தாயி" என்றாள், குரலே எழும்பாமல். "சீக்கிரம் கழட்டிரு. அவுக வந்துருவாக."

"யாரு அத்தை?" என்றார் ஆயர்.

"உனக்கு வேலை குடுக்க மாட்டாக. எம்பேச்சக் கேளு. கழட்டிரு."

நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். ஆயர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். பட்டனைக் கழற்றி அங்கியை எடுத்து அத்தையிடமே கொடுத்தார். அத்தை அதை மடியில் விரித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, உள்ளங்கையால் நீவினாள். தலையணைக்கு அடியில் தள்ளி வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இங்கன இருக்கட்டும். யாருக்கும் தெரியாது. அவுக போனதும் தாரேன்."

பிறகு பிள்ளை மாதிரி வாயைத் திறந்தாள். சேலையோடு நின்ற அந்தப் பெண் அழுதுகொண்டே அப்பத்தை வைத்தார். அத்தை மென்று விழுங்கினாள். கண் மட்டும் வாசலைவிட்டு அகலவில்லை.

"போயிட்டாகளா?" என்று கேட்டாள்.

"போயிட்டாங்க அத்தை. எல்லாரும் போயிட்டாங்க" என்றேன்.

அவள் நம்பவில்லை. தலையணைக்கு அடியில் இருந்த கையை எடுக்கவே இல்லை.